கர்ப்பப்பை எடுத்த பிறகு அடி இறங்காமல் பார்த்துக்கொள்வது எப்படி?

மாவுக்கடை_மல்லிகா:

எல்லோருக்கும் வணக்கம். வயது 46, ஊர் தேனி பக்கம். இரண்டு பிள்ளைகள், இரண்டும் சுகப்பிரசவம். கர்ப்பப்பையில் கட்டி. வீட்டுக்கு விலக்கானால் லேசில் நிற்பதில்லை, கட்டி கட்டியாகப் படுகிறது. ரத்தம் ஏழு பாயிண்டுக்கு இறங்கிவிட்டது. மாத்திரை எல்லாம் பார்த்தாகிவிட்டது. அடுத்த மாதம் கர்ப்பப்பையை எடுக்க நாள் குறித்திருக்கிறார்கள்.

ஆபரேஷன் கூடப் பயமில்லை. என் நாத்தனாருக்கு எடுத்துச் சில வருடம் கழித்துக் கீழே ஏதோ இறங்கிவிட்டது. கர்ப்பப்பையே இல்லையே, அப்புறம் எதுதான் இறங்குகிறது என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அவரும் வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, கல்யாணம் காட்சிக்குப் போவதையே விட்டுவிட்டார்.

எனக்குத் தொழில் மாவு அரைத்து விற்பது. கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவணும், அரிசி மூட்டையை இழுக்கணும், மாவு வாளியைத் தூக்கி ஃப்ரிட்ஜில் வைக்கணும். தண்ணீர் விடுகிற நாளில் குடம் குடமாகப் பிடிக்கணும். எனக்கும் இப்படி இறங்குமா? இறங்காமல் இருக்க இப்போதிருந்தே ஏதாவது செய்ய முடியுமா? கூச்சப்படாமல் சொல்லுங்கள், நானும் கூச்சப்படாமல்தான் கேட்கிறேன்.

சரஸ்வதி_பாட்டி:

பயப்படாதே மல்லிகா. எனக்கு எடுத்தபோது என் பேத்தி பிறக்கவே இல்லை, இப்போது அவள் காலேஜ் போகிறாள். எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. மூன்று மாதம் படுக்கையை விட்டு எழுந்திருக்காதே. வயிற்றை இறுக்கிக் கட்டு. தண்ணீரைக் குறைத்துக் குடி, இல்லாவிட்டால் புண் சீக்கிரம் ஆறாது. பழம், கீரை எல்லாம் குளிர்ச்சி, கொஞ்ச நாள் தொடாதே. எடை தூக்காதே. அவ்வளவுதான்.

இடுப்புத்தள_பிசியோ:

பாட்டி சொன்னதில் கடைசி வரியை வைத்துக்கொள்ளலாம். மற்றதையெல்லாம் மரியாதையோடு மறுக்கிறேன், காரணம் சொல்கிறேன்.

முதலில் மல்லிகா அக்காவின் கேள்வி: எது இறங்குகிறது? கர்ப்பப்பையை எடுத்த பிறகு பெண்ணுறுப்பின் மேல்முனையைத் தைத்து மூடிவிடுவார்கள். டாக்டர்கள் அதை வால்ட் என்பார்கள். அந்த மேல்முனை கீழே இறங்கலாம். முன்பக்கச் சுவர் தளர்ந்தால் மூத்திரப்பை பிதுங்கும், பின்பக்கச் சுவர் தளர்ந்தால் மலக்குடல் பிதுங்கும். சிலருக்கு மேலிருந்து சிறுகுடலும் சேர்ந்து இறங்கும். உங்கள் நாத்தனாருக்கு இதில் எது என்பது உள்பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

ஒரு பந்தலை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே இழுத்துக் கட்டிய கயிறு உண்டு, கீழே கம்பம் ஊன்றிய தரை உண்டு. நம் உடம்பில் கயிறு என்பது கர்ப்பப்பை வாயிலிருந்து முதுகெலும்பின் அடிப்பகுதிக்கும் இடுப்பெலும்பின் பக்கவாட்டுக்கும் போகிற ஜவ்வுகள். தரை என்பது முன்னே இருக்கும் எலும்பிலிருந்து பின்னே வால் எலும்பு வரை விரிந்திருக்கும் இடுப்புத்தளத் தசை. கர்ப்பப்பையை எடுக்கும்போது அந்த ஜவ்வுகளை வெட்டித்தான் எடுக்க முடியும். திரும்ப மேல்முனையோடு சேர்த்துக் கட்டினார்களா என்பது முதல் விஷயம். கீழே தரை எவ்வளவு பலமாக இருக்கிறது என்பது இரண்டாவது. வயிற்றுக்குள்ளிருந்து கீழ்நோக்கி எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்பது மூன்றாவது. முதலாவது சர்ஜன் கையில். மற்ற இரண்டும் பெரும்பாலும் நம் கையில்.

அக்கா, உங்களுக்கு நிம்மதி தரக்கூடிய ஒரு கணக்கு. ஏற்கெனவே இறங்கியதற்காகக் கர்ப்பப்பையை எடுத்தவர்களில் 100-க்குச் சுமார் 12 பேருக்குப் பின்னாளில் மேல்முனை இறங்குகிறது. கட்டி, பெரும்பாடு (மாதவிடாயில் அளவுக்கு மீறிப் படுவது) போன்ற வேறு காரணத்துக்காக எடுத்தவர்களில் 100-க்குச் சுமார் 2 பேர்தான். நீங்கள் இரண்டாவது கூட்டம். ஆனாலும் சுகப்பிரசவம், எடை தூக்கும் வேலை இரண்டும் இருப்பதால் கவனமாக இருப்பது நல்லது.

இனி பாட்டிக்கு. மூன்று மாதம் படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு, தசையும் தளர்ந்துபோகும். ஆபரேஷன் ஆன அன்றோ மறுநாளோ எழுந்து நாலடி நடக்கச் சொல்வது அதனால்தான். தண்ணீர், பழம், கீரை மூன்றையும் குறைத்தால் மலம் இறுகும். இறுகினால் முக்குவோம். முக்குவதுதான் இதில் முதல் எதிரி. பெல்ட்டைப் பொறுத்தவரை, சிலருக்கு முதல் சில நாள் வலி குறையும், இருமும்போது தெம்பாக இருக்கும். அதற்குமேல் அது எந்தத் தசைக்கும் பலம் தராது. மூச்சு முட்ட இறுக்கிக் கட்டுவதால் ஒரு லாபமும் இல்லை.

சரஸ்வதி_பாட்டி:

சரி தாயே. நீ படித்தவள், சொல்லு. ஆனால் வீட்டில் மூன்று மாதம் என்று சொன்னால்தான் ஆறு வாரமாவது வேலை சொல்லாமல் விடுவார்கள். அதற்காகத்தான் அந்தக் காலத்தில் அப்படிச் சொல்லி வைத்தார்கள்.

இடுப்புத்தள_பிசியோ:

பாட்டி, இதை நான் மறுக்கவே மாட்டேன்.

ராணிப்பேட்டை_ரம்யா:

எல்லோரும் எடுத்த பிறகு என்ன செய்வது என்றே பேசுகிறீர்கள். எடுத்தே ஆகணுமா என்று ஒருவரும் கேட்கவில்லையே? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு மூன்று பேருக்கு இந்தியா முழுக்கக் கர்ப்பப்பை எடுத்திருக்கிறார்கள். பக்கத்து ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் அது எட்டு ஒன்பது பேர். மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள் பலருக்குக் கர்ப்பப்பை எடுத்த கதையை 2019-இல் நாடே பேசியது. தேவையில்லாமல் எடுப்பதைத் தடுக்க மாநிலங்கள் மத்திய அரசின் வழிகாட்டுதலை நடைமுறைப்படுத்தணும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லவேண்டி வந்தது. பெரும்பாட்டுக்கு ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரை இருக்கிறது, கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஹார்மோன் லூப் இருக்கிறது, கட்டியை மட்டும் எடுப்பதும் உண்டு. இரண்டாவது டாக்டரிடம் கேட்டீர்களா?

மாவுக்கடை_மல்லிகா:

கேட்டேன் ரம்யா. மதுரைக்குப் போய் இன்னொரு டாக்டரம்மாவிடமும் காட்டினேன். கட்டி ஒன்றல்ல, பல, பெரியது தொப்புள் வரை வந்துவிட்டது. லூப் வைத்துப் பார்த்ததில் தங்கவில்லை, படுகிற வேகத்தில் அதுவும் சேர்ந்து வந்துவிட்டது. இனி இழுத்தடித்தால் ரத்தம் ஏற்றிக்கொண்டேதான் இருக்கணும். எடுப்பது என்று முடிவாகிவிட்டது. நீங்கள் கேட்டது சரியான கேள்விதான், இதைப் படிக்கிற வேறு யாருக்காவது உதவும்.

இப்போது என் சந்தேகம்: மேல்முனையைக் கட்டுவீர்களா என்று சர்ஜனிடம் நான் போய் எப்படிக் கேட்பது? ஐந்து நிமிஷம் பார்ப்பார், அதற்குள் வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள். அப்புறம், பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், கர்ப்பப்பை வாயை மட்டும் விட்டுவைத்தால் இறங்காதாம். உண்மையா?

தியேட்டர்_சிஸ்டர்:

நான் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். தினமும் பார்க்கிற விஷயம் என்பதால் சொல்கிறேன்.

கர்ப்பப்பை வாயை விட்டுவைப்பதால் பின்னாளில் இறங்காது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. வாயை வைத்தவர்களையும் எடுத்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் மூத்திரம், மலம், தாம்பத்தியம் எதிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வாயை வைத்துக்கொண்டால் அதில் புற்றுநோய் வருகிறதா என்ற பரிசோதனையைத் தொடர்ந்து செய்துகொள்ளணும், சிலருக்கு மாதாமாதம் லேசாகப் படவும் செய்யும்.

கட்டுவது பற்றி: கர்ப்பப்பையை எடுத்த கையோடு, முதுகுப்பக்கம் போகும் அந்த ஜவ்வுகளை மேல்முனையோடு சேர்த்துத் தைப்பார்கள். அமெரிக்க டாக்டர் மெக்கால் 1957-இல் எழுதிய முறை ஒன்று உண்டு, இன்றும் அவர் பெயரில்தான் அந்தத் தையலைச் சொல்கிறோம். கீழ்வழியாக எடுக்கும்போது பெரும்பாலும் செய்வார்கள். வயிற்றைத் திறந்தோ லேப்பரோஸ்கோப்பியிலோ எடுக்கும்போதும் அந்த ஜவ்வைப் பிடித்து மேல்முனையில் கோத்துத் தைக்கலாம். கூடுதலாக ஒரு சில நிமிஷ வேலை.

கேட்பதில் கூச்சமே வேண்டாம். "டாக்டர், பின்னாடி இறங்காம இருக்க வால்ட்டை ஜவ்வோட சேத்துத் தைப்பீங்களா? எனக்கு இப்பவே ஏதாவது தளர்ச்சி இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க." இந்த இரண்டே வாக்கியம். துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். நல்ல சர்ஜன் கோபித்துக்கொள்ள மாட்டார். ஏற்கெனவே மூத்திரப்பை பக்கம் தளர்ச்சி இருந்தால் அதே ஆபரேஷனில் சரிசெய்யலாமா என்று யோசிப்பார். இருமினால், தும்மினால் மூத்திரம் சொட்டுகிறது என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். பலர் அதைச் சொல்வதே இல்லை.

சினைப்பையையும் சேர்த்து எடுக்கப்போகிறார்களா என்றும் கேளுங்கள். 46 வயதில் இரண்டு சினைப்பையையும் எடுத்தால் மாதவிடாய் நின்ற நிலை ஒரே நாளில் வந்துவிடும். உடம்பு எரிச்சல், வறட்சி எல்லாம் திடீரென்று தொடங்கும், எலும்பும் தேயும். எடுக்கக் காரணம் இருந்தால் எடுக்கட்டும், ஆனால் காரணம் என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்கணும்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. ரத்தம் ஏழு பாயிண்ட் என்றால் உங்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருப்பார்கள். மலம் கறுப்பாக, கல் மாதிரி போகிறதா?

மாவுக்கடை_மல்லிகா:

ஐயோ சிஸ்டர், நேரில் பார்த்தது போலச் சொல்கிறீர்கள். காலையில் கக்கூசுக்குப் போனால் கடை திறக்கும் நேரம் தாண்டிவிடுகிறது. நெற்றி நரம்பு புடைக்கிற அளவுக்கு முக்க வேண்டியிருக்கிறது. மூலமும் எட்டிப் பார்க்கிறது.

தியேட்டர்_சிஸ்டர்:

அதை இந்த மாதமே சரிசெய்யணும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ரத்தம் ஏறினால்தான் மயக்க மருந்து டாக்டர் சம்மதிப்பார். டாக்டரிடம் சொன்னால் வேறு வகை இரும்பு மாத்திரையோ, நரம்பு வழியாக ஏற்றும் இரும்பு மருந்தோ தருவார். மலம் இளக இசப்கோல் அல்லது லாக்டுலோஸ் சிரப். இசப்கோல் சாப்பிட்டால் கூடவே நிறையத் தண்ணீர் குடிக்கணும், இல்லையென்றால் இன்னும் இறுகும். மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்கு டீ காபி வேண்டாம், சத்து உடம்பில் சேராது.

ஆபரேஷனுக்குப் பிறகும் வலி மாத்திரை, படுக்கை, குறைந்த சாப்பாடு எல்லாம் சேர்ந்து மலச்சிக்கல் வரத்தான் செய்யும். புதுத் தையலை வைத்துக்கொண்டு முக்குவது இருக்கிறதே, அது குடம் தூக்குவதைவிட மோசம். டிஸ்சார்ஜ் சீட்டில் மலமிளக்கி எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மூத்தவள்:

குறுக்கே ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் இந்தியன் டாய்லெட்தான். குந்தி உட்கார்ந்தால் இறங்கிவிடும், வெஸ்டர்ன் மாற்றுங்கள் என்று மருமகள் சொல்கிறாள். எனக்கு வெஸ்டர்னில் போகவே வராது.

இடுப்புத்தள_பிசியோ:

குந்தி உட்காருவதால் இறங்காது அம்மா. சொல்லப்போனால் மலம் சுலபமாக வெளியேற அதுதான் நல்ல நிலை. வெஸ்டர்னில் உட்காருபவர்களிடம் நாங்கள் சின்ன ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்வதே அந்த நிலைக்குக் கொண்டுவரத்தான். குந்திக்கொண்டு மூச்சைப் பிடித்து முக்குவதுதான் தப்பு, செல்போனோடு அரை மணி நேரம் உட்காருவதும் தப்பு. ஆபரேஷன் ஆன புதிதில் குந்தி எழுவது வலிக்கும் என்பதற்காக, கொஞ்ச நாளைக்கு நாற்காலி டாய்லெட் வைத்துக்கொள்ளலாம். முழங்கால் வலி இருந்தால் அது வேறு கதை.

நிர்மலா_பள்ளிபாளையம்:

படித்துக்கொண்டே இருந்தேன், எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எனக்கு இறங்கியிருக்கிறது.

விசைத்தறியில் நின்றுகொண்டே வேலை. 38 வயதில் எடுத்தார்கள், அப்போதே கர்ப்பப்பை கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் சொன்னார்கள். உடற்பயிற்சி, எடை, இருமல் எதைப் பற்றியும் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஞ்சுத் தூசியில் எனக்குத் தீராத இருமல் வேறு. சில வருடம் கழித்து, காலையில் நன்றாக இருக்கும், சாயங்காலம் ஷிஃப்ட் முடியும்போது கீழே கனமாக இழுக்கும். குளிக்கும்போது கையில் பந்துபோலத் தட்டியது. மூத்திரம் போய்விட்டு எழுந்தால் திரும்பப் போகணும் போல இருக்கும். அடிமுதுகு வலிக்கும். படுத்தால் எல்லாம் உள்ளே போய்விடும், அதனால் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது ரிங் வைத்திருக்கிறேன். வளையல் மாதிரி, ரப்பரில் செய்தது. டாக்டரம்மா அளவு பார்த்து உள்ளே வைத்துவிட்டார். சில மாதத்துக்கு ஒருமுறை போய்க் கழுவி மாற்றிக்கொண்டு வருகிறேன். அது இருப்பதே தெரிவதில்லை. வேலைக்குப் போகிறேன். ரிங் இருக்கிறது என்ற விஷயமே இத்தனை நாள் எனக்குத் தெரியாது, ஆபரேஷன்தான் ஒரே வழி என்று பயந்துகொண்டு டாக்டரிடமே போகாமல் இருந்தேன்.

மல்லிகா, உங்கள் நாத்தனாரிடம் இதைச் சொல்லுங்கள்.

மாவுக்கடை_மல்லிகா:

இன்றைக்கே போன் போட்டுச் சொல்கிறேன் நிர்மலா. நீங்கள் எழுதியதற்கு ரொம்ப நன்றி.

லண்டன்_வாணி:

நிர்மலா அக்கா, ரிங் போதவில்லை என்றால் திரும்ப ஆபரேஷன் செய்யவும் வழி உண்டு. கீழ்வழியாக மேல்முனையை இடுப்பின் ஜவ்வில் தைத்து நிறுத்துவது ஒன்று. வயிற்றுவழியாக வலைத்துண்டு வைத்து முதுகெலும்பின் அடியோடு இணைப்பது இன்னொன்று. கீழ்வழியாக வைக்கும் வலைதான் பிரச்சினை. வலை அரித்து வெளியே வந்து, தாங்க முடியாத வலி என்று ஏராளமான பெண்கள் வழக்குப் போட்டார்கள். 2019 ஏப்ரலில் அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் எஃப்.டி.ஏ. இந்த இறக்கத்துக்காகக் கீழ்வழியாக வைக்கும் வலைகளை விற்பதை நிறுத்தச் சொல்லிவிட்டது. பிரிட்டனில் அதற்கு முந்தைய வருடமே நிறுத்தி வைத்தார்கள். யாராவது உங்களுக்கு வலை வைக்கலாம் என்று சொன்னால், எந்த வழியாக என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே லேசான இறக்கத்துக்கு முதலில் கத்தியை எடுப்பதில்லை. குறைந்தது 16 வாரம் பிசியோ மேற்பார்வையில் இடுப்புத்தளப் பயிற்சி, எடை அதிகமிருந்தால் குறைப்பது, மலச்சிக்கலைத் தீர்ப்பது, பாரம் தூக்குவதைக் குறைப்பது. சிகிச்சை முறைகளை வகுக்கும் இங்கத்திய நைஸ் அமைப்பு 2019-இல் வெளியிட்ட வழிகாட்டியில் இதைத்தான் எழுதியிருக்கிறார்கள். என் அம்மாவுக்கு வறட்சிக்கு ஈஸ்ட்ரோஜன் கிரீமும் கொடுத்தார்கள். அது இறக்கத்தைத் தூக்கி நிறுத்தாது, ஆனால் மெலிந்துபோன தோல் தேறி எரிச்சல் குறைகிறது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் டாக்டரிடம் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

ரம்யா_அல்ல_ரேவதி:

அந்தப் பயிற்சியை எப்படிச் செய்வது என்று யாராவது விளக்கமாக எழுதுங்களேன். யூடியூபில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருவர் மூத்திரத்தைப் பாதியில் நிறுத்திப் பழகு என்கிறார்.

இடுப்புத்தள_பிசியோ:

எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் இதைத் தப்பாகச் செய்பவர்கள்தான் அதிகம்.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். நாலு பேர் நடுவில் இருக்கும்போது காற்று பிரியப் பார்க்கிறது, அதை அடக்குகிறீர்கள். ஆசனவாய் இறுகி உள்ளே இழுக்கும். அதே இறுக்கத்தை முன்பக்கம் மூத்திர வழி வரை கொண்டுவாருங்கள். கீழிருந்து மேலே, உள்ளே தூக்குவது போல உணர வேண்டும். தொடை இறுகக்கூடாது, புட்டம் இறுகக்கூடாது, வயிறு புடைக்கக்கூடாது. மூச்சைப் பிடிக்கக்கூடாது. வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு தானாக ஓடும். முதலில் இரண்டு மூன்று எண்ணும் வரை பிடித்து, முழுக்க விட்டுவிடுங்கள். விடுவதும் பிடிப்பதும் சம முக்கியம். போகப்போகப் பத்து எண்ணும் வரை பிடிக்கலாம். ஒரு தடவைக்கு எட்டு பத்து இறுக்கம், நாளைக்கு மூன்று தடவை. அதோடு சட்டென்று இறுக்கி சட்டென்று விடுவதும் சில.

கீழே தள்ளுவது போல உணர்ந்தால் நீங்கள் தலைகீழாகச் செய்கிறீர்கள், அது இருக்கிற பலத்தையும் கெடுக்கும். சந்தேகமிருந்தால் சின்னக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்: ஆசனவாய்க்கும் பெண்ணுறுப்புக்கும் நடுவே உள்ள இடம் உள்ளே மேலே போகணும், வெளியே பிதுங்கக்கூடாது.

மூத்திரத்தை நடுவில் நிறுத்துவது எந்தத் தசை என்று அடையாளம் காண எப்போதாவது ஒருமுறை செய்யலாம், அவ்வளவுதான். தினம் அப்படிப் பழகினால் மூத்திரப்பை முழுதாகக் காலியாகாமல் போகலாம், நீர்க்கடுப்பு வரலாம்.

அர்னால்டு கெகல் என்ற அமெரிக்க டாக்டர் 1948-இல் இதைப் பற்றி எழுதியதால் கெகல் பயிற்சி என்று பெயர். யோகாவில் மூலபந்தம் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது, கிட்டத்தட்ட அதே இறுக்கம்தான். ஆனால் யோகாவில் மூச்சை நிறுத்திச் செய்யச் சொல்வார்கள், ஆபரேஷன் ஆனவர்கள் அப்படிச் செய்ய வேண்டாம்.

படுத்துச் செய்வது பழகியதும் உட்கார்ந்து, பிறகு நின்று. கடைசியில் அன்றாட வேலையில் அதைக் கொண்டுவருவதுதான் குறி. இருமல் வருகிறதா, தும்மல் வருகிறதா, எதையாவது தூக்கப் போகிறீர்களா, அதற்கு ஒரு நொடி முன்னே இறுக்குங்கள். என்னைக் கேட்டால் தினம் முப்பது இறுக்கத்தைவிட இந்த ஒரு பழக்கம்தான் பெரிசு. பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். ஏற்கெனவே இறங்கியவர்களுக்கு இந்தப் பயிற்சி தொந்தரவைக் குறைக்கிறது என்று நல்ல ஆய்வுகள் உண்டு. வரவே வராமல் தடுக்கும் என்று உத்தரவாதம் தர முடியாது. பிரசவத்தில் தசை எலும்பிலிருந்தே பிய்ந்துபோயிருந்தால் பயிற்சிக்கு எல்லை உண்டு.

சிலருக்குத் தசை தளர்வதற்குப் பதில் எப்போதும் இறுகியே இருக்கும். தாம்பத்தியத்தில் வலி, மூத்திரம் தொடங்கத் தாமதம் என்று இருந்தால் கெகல் செய்யாதீர்கள், முதலில் டாக்டரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சின்ன ஊர்களில் இதற்கென்று பிசியோ கிடைப்பது கஷ்டம்தான். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவில் கேட்டுப் பாருங்கள்.

வயல்காட்டுக்காரி:

எல்லாம் சரி. எடை தூக்காதே, தூக்காதே என்கிறீர்களே, எத்தனை நாளைக்கு? எங்கள் அம்மா நடவு நடுகிறவர், நாற்றுக்கட்டு சுமக்கிறவர். வாழ்நாள் முழுக்கத் தூக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் வீட்டில் உட்கார்ந்தால் அடுப்பு எரியாது. இது வசதியுள்ளவர்களுக்குச் சொல்லும் வைத்தியமாக இருக்கிறது.

இடுப்புத்தள_பிசியோ:

உங்கள் கோபம் நியாயம். வாழ்நாள் முழுக்க என்று எல்லோருக்கும் ஒரே மூச்சில் சொல்வதை நானும் ஏற்கவில்லை. தூக்கவே தூக்காத தசை இன்னும் பலவீனமாகும். உள்தையல் கெட்டிப்படும் முதல் ஆறு வாரம் கண்டிப்பு. ஒரு தண்ணீர்ச் செம்பு, தட்டு, துவைத்த ரெண்டு துணி, அதற்குமேல் வேண்டாம். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். நிறைய டாக்டர்கள் பெரிய பாரத்துக்கு மூன்று மாதம் என்று சொல்வார்கள், கூலி வேலை செய்பவர்கள் அதைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

அதற்குப் பிறகு எவ்வளவு தூக்குகிறோம் என்பதோடு எப்படித் தூக்குகிறோம் என்பதையும் பார்க்கணும். 15 லிட்டர் குடம் நிறைந்தால் 15 கிலோவுக்கு மேல். தரையிலிருந்து குனிந்து, மூச்சைப் பிடித்து, இடுப்பில் எடுத்து வைக்கும்போதுதான் வயிற்றுக்குள் அழுத்தம் எகிறுகிறது. அதே தண்ணீரைப் பாதிப் பாதியாக, இரண்டு கையிலும் சின்ன வாளியில், மூச்சை வெளியே விட்டுக்கொண்டே, கீழே இறுக்கிக்கொண்டு தூக்கினால் சுமை வெகுவாகக் குறையும். அம்மா நாற்றுக்கட்டைத் தானே தரையிலிருந்து தூக்காமல், இன்னொருவர் தூக்கி அவர் தலையில் ஏற்றிவிட்டால்கூட நல்ல வித்தியாசம்தான். ஏற்கெனவே இறங்கியிருந்தால் கணக்கு வேறு. அப்போது ரிங் வைத்துக்கொண்டு வேலைக்குப் போவதைப் பற்றிக் கேளுங்கள்.

மாவுக்கடைக்காரர்:

நான் மல்லிகாவின் வீட்டுக்காரர். அவர் போனில்தான் படித்தேன். ஆண்கள் எழுதலாமா தெரியவில்லை. நான் என்ன செய்யணும் என்று யாரும் எழுதவில்லையே.

சரஸ்வதி_பாட்டி:

எழுதலாம் தம்பி, நீதான் எழுதணும். தண்ணீர் நீ பிடி. சிலிண்டரை நீ மாற்று, நிறைந்த சிலிண்டர் முப்பது கிலோ வரும். இருக்கிற கிரைண்டரை விற்றுவிட்டுச் சாய்த்து ஊற்றுகிற கிரைண்டராக வாங்கு, கல்லைத் தூக்கும் வேலையே இருக்காது. மாவு வாளியைச் சின்னச் சின்ன டப்பாவாக மாற்று. அவள் உட்கார்ந்த இடத்தில் காசு வாங்கட்டும்.

தியேட்டர்_சிஸ்டர்:

பாட்டி பேசியதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. மேல்முனைத் தையல் ஆறும் வரை, ஆறு முதல் எட்டு வாரம், சேர்க்கை வேண்டாம். டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான். அவர்களாக இதை எடுத்துச் சொல்லக் கூச்சப்படுவார்கள், நீங்களாகப் புரிந்து நடந்துகொள்ளுங்கள். வீட்டில் பீடி சிகரெட் பிடிப்பவர்கள் இருந்தால் வெளியே போய்ப் பிடிக்கட்டும். விறகடுப்புப் புகையும் வேண்டாம். இருமல் விடாமல் இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே நெஞ்சு டாக்டரிடம் காட்டுங்கள்.

மாவுக்கடைக்காரர்:

நான் பீடி பிடிப்பேன். சரி.

மாவுக்கடை_மல்லிகா:

வந்துவிட்டேன். ஆபரேஷன் முடிந்து வீட்டில்தான் இருக்கிறேன். வயிற்றுவழியாகத்தான் எடுத்தார்கள், கட்டி பெரிது என்பதால். சீட்டில் எழுதிக்கொண்டு போய்க் கேட்டேன். டாக்டரம்மா சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, யார் சொல்லிக் கொடுத்தது என்று சிரித்தார். ஜவ்வை மேல்முனையோடு சேர்த்துத் தைத்துவிட்டதாக ரவுண்ட்ஸில் சொன்னார். முன்பக்கம் லேசான தளர்ச்சி இருக்கிறதாம், இப்போதைக்குப் பயிற்சி போதும் என்றார். சினைப்பையை எடுக்கவில்லை.

இரும்பு மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். அதனால் காலையில் அந்த முக்கல் இல்லை. இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு, கீழே இறுக்கிக்கொண்டு இருமுகிறேன். மூத்திர டியூப் எடுத்த பிறகு மெதுவாகப் பயிற்சி ஆரம்பிக்கலாம் என்றார்கள். இரண்டு எண்ணுவதற்குள் விட்டுப்போகிறது. நாத்தனாரும் டாக்டரிடம் போய்விட்டு வந்தார், அவருக்கு இறங்கியது மூத்திரப்பையாம், ரிங் வைத்திருக்கிறார்கள்.

இப்போது ஒரு சந்தேகம். கொஞ்சம் பழுப்பாக, தண்ணீர் மாதிரி படுகிறது. நூல் துண்டு ஒன்றும் வந்தது. பயப்படணுமா?

தியேட்டர்_சிஸ்டர்:

கரையும் நூல்தான், தானாக விழும். லேசான பழுப்பு, இளஞ்சிவப்பு சில வாரம் வரை இருக்கலாம், நாப்கின் மட்டும் வையுங்கள், உள்ளே எதுவும் வைக்காதீர்கள். கெட்ட வாடை, காய்ச்சல், பச்சை ரத்தமாகக் கொட்டுவது, வயிறு உப்பி வாந்தி, மூத்திரம் போகாமல் அடைப்பது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூத்திர வழியல்லாமல் இடைவிடாமல் தண்ணீராக ஒழுகுவது, இதில் எது வந்தாலும் ரிவ்யூ தேதிவரை காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள். ஆறாவது வாரம் ரிவ்யூவுக்குப் போகும்போது உள்பரிசோதனை செய்யச் சொல்லுங்கள், மேல்தையலை மட்டும் பார்த்து அனுப்பிவிடப் போகிறார்கள். அப்போதே அந்தப் பரிசோதனையில் ஒருமுறை இறுக்கிக் காட்டி, சரியான தசைதானா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.